முறைக்குப் போனவன்

காலை மணி ஏழு இருபது. முதலில் கண்ணில் பட்டவை சட்டைகள். காவல் நிலையத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக ஏழெட்டு ஆண்கள் குந்தியிருந்தார்கள். அத்தனை பேரும் துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். தலையைப் படிய வாரியிருந்தார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் இருந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சட்டை இருக்காது. இருந்தால் பொத்தான் இருக்காது. இவர்கள் தாங்களாகவே வந்திருந்தார்கள். காவலுக்கு யாரும் நிற்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் கரையான்சாவடியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரு தமிழ் நாளிதழுக்கு அந்தப் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். காலையில் சைக்கிளில் காவல் நிலையங்களைச் சுற்றி வருவேன். பிறகு கோர்ட். பிற்பகலில் டெலிபோன் பூத்திலிருந்து செய்தியை அலுவலகத்துக்குச் சொல்வேன். திருட்டு, விபத்து, தற்கொலை, கோஷ்டி மோதல். பெரும்பாலும் நாலு வரி. விபத்தில் இறந்தவர் அரசு ஊழியராக இருந்தால் எட்டு வரி.

சுவரோரம் குந்தியிருந்தவர்கள் காலனிக்காரர்கள். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையில், ஏரிக்கரையை ஒட்டி அந்தக் காலனி இருந்தது. அவர்களுடைய பெற்றோர் எதிர்ப்புறம் இருந்த ஊர்க்காரர்களின் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். வயல்கள் மனைகளாக விற்கப்பட்ட பிறகு பிள்ளைகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறைக்கும், லாரியில் லோடு ஏற்றவும், ஆவடி குவார்ட்டர்ஸ்களில் பெருக்கித் துடைக்கவும் போனார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு தார் ரோடு ஓடியது.

நிலையம் மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சில்லறை வழக்குகளைக் காட்டியாக வேண்டும் என்பது அங்கே நிலவிய ஏற்பாடு. குடித்துவிட்டுச் சத்தம் போட்டது, தெருவில் சிறுநீர் கழித்தது, பஸ்ஸுக்கு இடைஞ்சலாக நின்றது. எல்லாவற்றுக்கும் 'பெட்டி கேஸ்' என்று பெயர். மாதம் முடியும் சமயத்தில் எண்ணிக்கை குறைந்தால் ஏட்டு காலனிக்குச் சொல்லி அனுப்புவார். ஊருக்குச் சொல்லி அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

காலனியில் இதற்கு வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்ற முறை வைப்பதைப் போல. முறை வந்த வீட்டிலிருந்து ஓர் ஆண் போக வேண்டும். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் "ஒத்துக்கறேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அபராதத்தை நிலையமே கட்டிவிடும். கோர்ட் கலையும்வரை வராந்தாவில் உட்கார வைப்பார்கள், அதுதான் சிறை. பிறகு வீட்டுக்குப் போகலாம். பதிலுக்கு, ஊரில் யாருடைய சைக்கிளாவது காணாமல் போனால் காலனிக்குள் ஜீப்பை விட்டுக் கையில் கிடைத்தவனைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பெரும்பாலும் மாட்டார்கள். காலனியில் இதை ஒரு கேஸ் என்றே யாரும் நினைக்கவில்லை. ஒருநாள் கூலி போகும், அவ்வளவுதான். "முறைக்குப் போயிருக்காரு" என்று வீட்டில் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும் அதே குரலில்.

அன்றைய வரிசையில் அவன் கடைசியில் இருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அந்தக் காலனியில் அதுவரை ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அவனும் இன்னொருவனும்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். பையில் பேனா இருந்தது. முறை உண்மையில் அவனுடைய அப்பாவுக்கு வந்தது. வார்ப்படப் பட்டறையில் உருக்கிய இரும்பு தெறித்து அவருக்குப் பாதம் வெந்திருந்தது. நடக்க முடியவில்லை. அதனால் பையன் வந்தான்.

ஏட்டு வெளியே வந்தார். கையில் பல் குச்சி. ஆட்களை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாம் குளிச்சிட்டு வந்தீங்களாடா? போன தபா கோர்ட்ல நாத்தம் தாங்கலன்னு என்னியத்தான் கேட்டாங்க."

"சோப்பு போட்டே குளிச்சோம் ஏட்டையா. மோந்து பாரு" என்றார் டிபன் பாக்ஸ் வைத்திருந்தவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னிக்கு எனக்கு இன்னா கேஸு ஏட்டையா? போன வருசம் ஒண்ணுக்குப் போனேன்னு போட்டுட்டீங்க. எம் பொண்டாட்டி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

"உனக்கு இந்த வாட்டி குடி."

"ஐய, குடிக்காமலே குடி கேஸா! ஒரு குவார்ட்டராவது வாங்கிக் குடுத்துட்டுப் போடலாமில்ல?"

ஏட்டு கடைசி ஆளிடம் வந்தார். "இன்னாடா, இஸ்திரி சட்ட, பேனா. இன்டர்வியூக்கு வந்துக்கீறியா?"

"அது போன மாசமே முடிஞ்சிட்ச்சி ஏட்டையா. செலக்ட் ஆயிட்டேன்."

"எதுல?"

"ஃபேக்டரில. ஃபிட்டரு. போலீசு வெரிஃபிகேசன் மட்டும் வரணும்."

"அதுவும் நம்மகிட்டதானே வரும்! ஸ்வீட்டு எங்கடா?"

"ஆர்டரு வரட்டும் ஏட்டையா. கூடையோட வரேன்."

ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் அவன் தேர்வாகியிருந்தான். அந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய வேலை கிடையாது. ஓய்வூதியம், மருத்துவம், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு.

ஏட்டும் எழுத்தரும் உள்ளே போய் யாருக்கு எந்த வழக்கு என்று பிரித்தார்கள். நான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய விபத்து விவரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். எழுத்தர் ஒரு காகிதத்தை எடுத்து, "டீக்கடை மேட்டர் நிக்குது, ஐயா அத இந்த மாசமே முடிக்கச் சொன்னாரு" என்றார். ஏட்டு சன்னல் வழியாக வெளியே பார்த்தார். "ஆஸ்பத்திரி சீட்டுல கிழிச்சவன் வயசு இன்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். "இருபத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க ஆண்" என்றார் எழுத்தர்.

"அப்ப கடைசியில குந்திகினுகீறான் பாரு, அவனப் போடு."

டீக்கடை விஷயம் கரையான்சாவடியில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் தினமும் டீ குடிக்கும் கடை அது. சில நாட்களுக்கு முன்பு ஊர்ப் பெரிய குடும்பத்துப் பையன் ஒருவன் நண்பர்களோடு வந்து, சிகரெட் கடன் தர மறுத்ததற்காகக் கண்ணாடி அலமாரியை உடைத்தான். உடைந்த துண்டை எடுத்துக் கடைக்காரரின் முன்கையில் கீறினான். நான் அப்போது அங்கே இல்லை. மறுநாள் கையில் கட்டோடு டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார். அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டதுதான் சிக்கல். ஆஸ்பத்திரியிலிருந்து நிலையத்துக்குத் தகவல் போய்விட்டது. தகவல் வந்தால் வழக்குப் பதிய வேண்டும். வழக்கு இருந்தால் ஓர் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஆள், வேண்டும். கடைக்காரர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

கோர்ட்டில் பத்தரை மணிக்குப் பெஞ்ச் கிளார்க் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். காலனிக்காரர்களுக்குக் கோர்ட் பழகிய இடம். அங்கே எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்: தன் பெயர், அப்பா பெயர். அவை இரண்டும் காதில் விழுந்ததும் கூண்டில் ஏற வேண்டும், கும்பிட வேண்டும், ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வாசிக்கப்படுவதை யாரும் கேட்பதில்லை. வாசிப்பவரும் கேட்கும்படி வாசிப்பதில்லை. குடி கேஸ்காரர் ஒத்துக்கொண்டார். இடைஞ்சல் கேஸ்காரர் ஒத்துக்கொண்டார். அவனுடைய முறை வந்தபோது வாசிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீண்டது. ஆயுதத்தால் காயப்படுத்தியது, சொத்துக்குச் சேதம் விளைவித்தது என்ற சொற்கள் அதில் இருந்தன. அவன் கை கூப்பியபடி நின்றான்.

"குற்றத்தை ஒத்துக்கிறாயா?"

"ஒத்துக்கறேன் ஐயா."

கோர்ட் கலையும்வரை சிறை, அபராதம். அவனுடைய அபராதம் மட்டும் கூடுதலாக இருந்தது. ஏட்டு அதையும் கட்டினார்.

வராந்தாவில் அவர்கள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள். டிபன் பாக்ஸ்காரர் அதைத் திறந்து எலுமிச்சை சாதத்தை ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்.

"இன்னா மச்சான், உனக்கு மட்டும் ரேட்டு ஏறிப்போச்சி?"

"ஐ.டி.ஐ. படிச்சவன்டா. பெரிய கேஸாத்தான் குடுப்பாங்க" என்று இன்னொருவர் சொன்னார். அவனும் சிரித்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆவடி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ கேட்டதற்கு நேரம் சொன்னான்.

மறுநாள் எங்கள் பத்திரிகையில் மூன்று வரி வந்தது. 'டீக்கடையில் ரகளை: வாலிபருக்கு அபராதம்.' அவன் பெயர், அப்பா பெயர், காலனியின் பெயர் மூன்றும் இருந்தன. சில்லறை வழக்குச் செய்தியில் இப்படித்தான் போடுவோம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிக்கிய செய்தி வந்தால் 'தொழிலதிபரின் மகன்' என்று நிறுத்திக்கொள்வோம். ஊர்ப் பெயரும் போடுவதில்லை. அப்படி எழுத வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

வெரிஃபிகேஷன் அடுத்த மாதம் வந்தது. ஏட்டுதான் காலனிக்குப் போனார். அவனுடைய அம்மா ஆவடியில் தொழிற்சாலை அதிகாரிகளின் குவார்ட்டர்ஸில் பெருக்கும் வேலை செய்தவர். அந்த வீடுகளில் சமையலறைக்குள்ளேயே குழாய் உண்டு என்பதைக் காலனியில் அவர் பலமுறை சொல்லியிருந்தார். ஏட்டுக்குக் கலர் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தார்கள். ஏட்டு கலரைக் குடித்து முடித்துவிட்டு, படிவத்தில் எழுத வேண்டியிருப்பதைச் சொன்னார்.

அன்று மாலை அம்மாவும் மகனும் நிலையத்துக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"ஏட்டையா, அது முறை கேசு. நீ வரச் சொன்ன, அதான் வந்தான்" என்றார் அம்மா.

"முறை கேஸெல்லாம் எழுத மாட்டம்மா. பெட்டி கேஸ யாரு எழுதப் போறா? இது காயக் கேசு. கன்விக்சன். கோர்ட்டு ரெகார்டுல கீது."

"யாருக்கு காயம்?"

"டீக்கடைக்காரருக்கு."

"எந்த டீக்கடை?" என்றான் அவன்.

ஏட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "டேய், கோர்ட்ல படிச்சாங்கல்ல? காதுல இன்னா வெச்சிருந்த? உன்ன யாரு ஒத்துக்கச் சொன்னது?"

"நீதான ஏட்டையா."

"நான் பொதுவாச் சொன்னேன். வெரிஃபிகேசன் கீறவன் கேட்டுட்டு இல்ல ஒத்துக்கணும்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைத்தார் என்று எனக்குப் பட்டது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எழுதாம வுட்டுடு ஏட்டையா. ஒரு தபா. எத்தினி தபா எங்க ஊட்லேர்ந்து வந்துக்கீறோம், கணக்கு பாரு" என்றார். எழுதாமல் விட்டுப் பிற்பாடு தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றார் ஏட்டு. அதுவும் உண்மைதான்.

தொழிற்சாலையிலிருந்து நியமனத்தை நிறுத்திவைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. ரத்து என்று எழுதவில்லை. தண்டனை நீங்கியதற்கான ஆதாரம் தந்தால் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. காலனி ஆட்களுக்கு வயது வரம்பில் சலுகை உண்டு. அதைக் கணக்கில் எடுத்தால் அவனுக்குச் சில ஆண்டுகள் இருந்தன. அந்தச் சில ஆண்டுகளுக்குள் அவன் தான் செய்யாததைச் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

நான் விஷயத்தை எழுதி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். செய்தி ஆசிரியர் படித்தார். "கோர்ட்ல ஒத்துக்கிட்டு வந்தவன் சார்பா எப்படிய்யா போடறது? நீதிமன்ற அவமதிப்பு வரும். டீக்கடைக்காரன் பேர் சொல்லிப் பேட்டி குடுப்பானா?" என்று கேட்டார். கேட்டு வருவதாகச் சொன்னேன்.

நான் கேட்பதற்கு முன்பே அம்மாவும் மகனும் டீக்கடைக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கடையில் கூட்டமில்லாத நேரம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ரோட்டிலேயே நின்றார். மகன் உள்ளே வந்து கடைக்காரருக்கு எதிரே நின்றான்.

"அண்ணாத்தே, என்னியத் தெரியுதா?"

"தெரியாம என்னா நைனா. பட்டறைக்காரரு மவன்தான?"

"உன் கைய கிழிச்சது நானா?"

கடைக்காரர் பாய்லருக்குக் கரி தள்ளினார். "நீ இல்ல. அது எனக்குத் தெரியாதா?"

"அத கோர்ட்ல வந்து சொல்லு அண்ணாத்தே. ஒரே ஒரு வார்த்தை. இவன் இல்லன்னு. வேற யாருன்னு நீ சொல்ல வாணாம்."

கடைக்காரர் மேலே பார்த்தார். கூரையில் புகை படிந்த சிமென்ட் தளம். "இந்தக் கட்டடம் யாருதுன்னு தெரியும்ல? கை கிழிஞ்சவனே டீ ஆத்தினுக்கீறேன், பாரு. நேத்து கூட அந்தப் பையன் வந்து டீ குடிச்சிட்டுப் போறான். இன்னா அங்கிள், கை எப்படி கீதுன்னு கேக்கறான். நானும் பரவால்லபான்னு சொல்றேன்."

"என் வேல போயிடும் அண்ணாத்தே."

"என் கட போயிடும் நைனா."

ரோட்டில் நின்ற அம்மாவுக்கு டீ கொடுத்தனுப்பினார் கடைக்காரர். அவர் அதை வாங்கவில்லை. பேட்டி பற்றி நான் கேட்டபோது, "உங்க பேப்பர எங்க கடையிலதான் சார் அந்தப் பையனும் படிக்கறான்" என்று மட்டும் சொன்னார்.

கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் மேசை போட்டு வேலை பார்த்த ஒரு வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். அவரும் அப்படிப்பட்ட ஒரு காலனியிலிருந்து படித்து வந்தவர். கறுப்புக் கோட்டு முழங்கையில் பளபளத்திருக்கும். ஒத்துக்கொண்டு வந்தவனுக்கு அப்பீல் கிடையாது என்று முதலில் சொன்னவர், பிறகு கோர்ட் பதிவை நகல் எடுத்துப் பார்த்தார். குற்றச்சாட்டை அவனுக்கு விளங்கும்படி சொன்னதாகவோ, அவன் என்ன பதில் சொன்னான் என்றோ பதிவில் இல்லை. ஒப்புக்கொண்டார் என்ற அச்சடித்த முத்திரை மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேல் கோர்ட்டுக்குப் போனார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மேல் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. காலனியில் அன்று பாயசம் வைத்தார்கள். உத்தரவின் கடைசிப் பத்தியை வக்கீல் மறுநாள்தான் விளக்கினார்: வழக்கை முதலிலிருந்து முறைப்படி விசாரிக்க வேண்டும். அதாவது, தண்டனை இல்லை, ஆனால் வழக்கு இருக்கிறது. முன்பு அவன் அபராதம் கட்டி முடித்த ஆள். இப்போது வழக்கு நிலுவையில் உள்ள ஆள். தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டார்கள். வழக்கு முடியட்டும் என்று பதில் வந்தது.

மறு விசாரணைக்கு அவன் ஆஜரானபோது, ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்றது கோர்ட். சொந்த வீட்டுக்கு வரி கட்டிய ரசீதோடு வர வேண்டும். ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்த காலனியில் அப்படி ரசீது வைத்திருந்தவர் யாருமில்லை. காலனிக்கு வெளியே தெரிந்தவர்களை வக்கீல் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவன் உள்ளே இருந்தான். ஒத்துக்கொண்டபோது அவன் வராந்தாவில் ஒரு பகல் உட்கார்ந்தான். ஒத்துக்கொள்ளாதபோது மூன்று வாரம் கிளைச் சிறையில் இருந்தான். வெளியே வந்த அன்று அவனை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "உள்ள எல்லாம் நம்ம ஆளுங்கதான் சார். ஊர்க்காரன் ஒருத்தன் கெடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போன மாதிரி இருந்திச்சி" என்றான். சிரிக்கவில்லை.

விசாரணை தொண்ணூறுகளுக்குள் நுழைந்தது. வாய்தா மேல் வாய்தா. ஏட்டு மாற்றலாகிப் போனார். மாஜிஸ்திரேட் மாறினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் கூலியை விட்டுவிட்டு வந்தான். அம்மா குவார்ட்டர்ஸ் வேலையில் லீவு கேட்டுவிட்டு வந்தார். அந்த மாதங்களில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி "இவன் இல்லை" என்று சொன்னால் வேலை உண்டு. வக்கீலும் அதையேதான் சொல்லியிருந்தார்.

கடைசியில் சாட்சி சம்மன் போய், டீக்கடைக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முன்கைத் தழும்பைச் சட்டைக் கை மூடியிருந்தது. பின் பெஞ்சில், டீக்கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களான அந்தப் பெரிய குடும்பத்தின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் யாரோடும் பேசவில்லை. கையில் மடித்த செய்தித்தாள் வைத்திருந்தார்.

அரசு வக்கீல் கேட்டார்: "உங்களை வெட்டினவர் இந்தக் கோர்ட்ல இருக்காரா?"

"ஞாபகம் இல்லீங்க."

அவனுடைய வக்கீல் எழுந்தார். "எதிரே நிக்கிறவரைப் பாருங்க. நல்லாப் பாருங்க. உங்களை வெட்டினது இவர் இல்லைதானே?"

டீக்கடைக்காரர் பார்த்தார். பார்த்தார் என்பதைக் கோர்ட்டில் இருந்த எல்லோரும் கவனித்தோம்.

"ஞாபகம் இல்லீங்க ஐயா. ரொம்ப நாளாயிடுச்சி."

"இவர் இல்லைன்னு சொல்ல முடியுமா, முடியாதா?"

"இவருன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியலீங்க."

அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துச் சட்டையில் துடைத்தான். அம்மா கதவோரம் நின்று, கடைக்காரர் சொன்னது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டார். தீர்ப்பு வரட்டும் என்றேன்.

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வந்தது. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாக மாஜிஸ்திரேட் வாசித்தார். விடுதலை என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து பெட்டிக்கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி, கோர்ட் டபேதாருக்கும் எனக்கும், பக்கத்தில் வேறு வழக்குக்காகக் காத்திருந்த ஆட்களுக்கும் கொடுத்தார்.

அவன் வக்கீலிடம் கேட்டான்: "சந்தேகத்தின் பலன்னா இன்னா சார்?"

"நீ செஞ்சியா இல்லையான்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னு அர்த்தம்."

"யாருக்கு சந்தேகம்?"

"கோர்ட்டுக்கு."

"டீக்கடைக்காரருக்கு சந்தேகம் இல்ல. ஏட்டுக்கு இல்ல. எனக்கு இல்ல. ஊர்ல ஒருத்தனுக்கும் இல்ல. கோர்ட்டுக்கு மட்டும் எப்டி சார் வந்திச்சி?"

வக்கீல் கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தீர்ப்பு நகலுக்கு மனு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நகலைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பழைய தேர்வுப் பட்டியல் காலாவதியாகிவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த ஆளெடுப்பில் விண்ணப்பித்தான். அவனுடைய வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எழுத்துத் தேர்விலும் தொழில் தேர்விலும் தேறினான். வெரிஃபிகேஷன் மறுபடியும் அதே நிலையத்துக்கு வந்தது. புதிய எழுத்தர், பதிவில் இருந்ததை எழுதினார்: காய வழக்கில் எதிரி, சந்தேகத்தின் பலனில் விடுதலை. குற்றமற்றவர் என்று விடுதலையானவர்களை எடுப்பார்கள், சந்தேகத்தின் பலனில் வந்தவர்களை எடுப்பதில்லை என்று தொழிற்சாலை ஊழியர் ஒருவர் எனக்குச் சொன்னார். எழுத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். வழக்கம் என்றார்.

அந்த முறை தேர்வான ஃபிட்டர்கள் ஆடி மாதத்தில் வேலையில் சேர்ந்தார்கள். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தான்.